பழைய பத்து கியர் ராலேவுக்கு சன்டூர் லீவர்: எங்கே மாட்டினால் சென்னைக்குச் சரி?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதைக்கு வருகிறேன். சன்டூர் என்ற ஜப்பான் கம்பெனியின் பவர் ராட்செட் கியர் லீவர், டவுன் ட்யூபில், அதாவது ஹேண்டிலுக்கு அடியிலிருந்து பெடல் அச்சு வரை சாய்வாக இறங்கும் குழாயில், கிளாம்ப் போட்டு இறுக்குகிற வகை, பழைய ஜோடி. ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது லீவரின் வேலையில் குறை கண்டு இல்லை, உள்ளே இருக்கும் சின்ன வாஷர் ஒன்று தொலைந்தால் மாற்று தேடி ஊர் முழுக்க அலைய வேண்டும் என்பதற்காக.

ஆனால் இந்த நாலரை, லீவரைச் சரியான இடத்தில் மாட்டினால்தான். அதே லீவரை ஒரு சாண் கீழே இறக்கி மாட்டிப் பாருங்கள், இரண்டுகூடத் தேறாது. பழைய கியர் சைக்கிளுக்கு லீவர் வாங்குகிறவர்கள் எந்தக் கம்பெனி, பாலிஷ் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள், எங்கே மாட்டப்போகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்த ரிவ்யூவில் பாதிக்கு மேல் இடத்தைப் பற்றித்தான் இருக்கும்.

சைக்கிள் இங்கிலாந்து நாட்டிங்காமில் செய்த ராலே. என் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தது. முன்னால் 52, 40 பற்கள் உள்ள இரண்டு பல்சக்கரம், பின்னால் 14 பல்லில் தொடங்கி 28 பல் வரை ஐந்து பல்சக்கரம், ஆக பத்து கியர். எழுபதுகளில் வந்த பத்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். என் கைக்கு வரும்போது பழைய லீவரில் இடதுபக்கம் உடைந்து, வலதுபக்கம் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று இருந்தது. ஃபிரேம் மட்டும் அப்படியே திடமாக இருந்தது.

நம் ஊரில் இந்த மாதிரி வண்டிக்குக் கைபழகிய மெக்கானிக் குறைவு, அதற்குக் காரணமும் இருக்கிறது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று ஓடியதெல்லாம் பெரும்பாலும் கியர் இல்லாத கறுப்பு வண்டிகள். என் அப்பா காலத்து ஆட்களிடம் கியர் சைக்கிள் என்றால் பின் ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சரைத்தான் சொல்வார்கள், அதற்கு லீவர் ஹேண்டில்பாரிலேயே, கட்டைவிரலுக்குப் பக்கத்தில். செயினைப் பக்கவாட்டில் தள்ளி மாற்றுகிற டீரெய்லரும், அதற்கு ஃபிரேமில் மாட்டுகிற லீவரும் இங்கே பலருக்குப் புதுசு.

அதனால் முதலில் கொடுத்த கடையில் நடந்ததைச் சொல்கிறேன், கடை பெயர் வேண்டாம். டவுன் ட்யூபில் ஏறக்குறைய நடுவில், தண்ணீர் பாட்டில் மாட்டுகிற உயரத்தில் கிளாம்பை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். "அங்கதான் சார் இடம் காலியா இருந்தது" என்றார் அங்கிருந்த பையன். லீவரைத் தொட வேண்டுமென்றால் தோளை இறக்கி, இடுப்பை மடக்கி, தலை ஹேண்டில்பாருக்கு மேல் வரும் அளவுக்குக் குனிய வேண்டும். அப்படிக் குனிந்தால் கண் ரோட்டை விட்டுத் தரைக்குப் போய்விடும். கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது பின்னால் பஸ் வர, அப்படிக் குனிந்து கியர் போடுவது சாகசம் எல்லாம் இல்லை, ஆபத்து. போதாததற்குக் கிளாம்பும் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்ததால் வலதுபக்க ஒயர் குழாயில் உரசி, பெயிண்ட்டில் ஒரு கோடே விழுந்துவிட்டது.

அப்புறம் திருவல்லிக்கேணியில், பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். பங்க்சர், ஓவராய்லிங் எல்லாம் பார்க்கிற சாதாரண கடைதான், போர்டுகூட மங்கிப்போயிருக்கும். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீ ஓட்றப்ப ஹேண்டில எங்க புடிப்ப?" இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கடைக்கு வெளியே தூணில் ஒரு தோளைச் சாய்த்து என்னை சீட்டில் உட்காரச் சொன்னார். இடது கையை ஹேண்டில்பாரின் நடுவில், அதைத் தாங்கும் ஸ்டெம் என்கிற கழுத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஓரத்தில் பிடித்துக்கொண்டு மறுகையை எடுத்தால் உடல் சாயும்போது ஹேண்டிலும் சேர்ந்து திரும்பும், நடுவில் பிடித்தால் திரும்பாது. "கண்ணு ரோட்ல இருக்கட்டும், வலது கைய சும்மா கீழ விடு" என்றார். விரல் குழாயில் எங்கே பட்டதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. திரும்ப இரண்டு தடவை அதையே செய்யச் சொல்லி, கோடு மாறவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் அவருடைய கைப்பக்குவம் தெரிந்தது. அந்தக் கோட்டில் லீவரின் அடியை வைக்கவில்லை. லீவர் முழுக்க முன்னால் இருக்கும்போது அதன் நுனி ஹேண்டில் பக்கம் பார்த்துக் குழாயோடு படுத்திருக்கும். பின்னால் இழுக்க இழுக்க எழுந்து நிற்கும். எந்நேரமும் ஓட்டுவது பின்னால் இருக்கும் ஐந்து பல்சக்கரத்தில் நடுவில் இருப்பதில்தான், அதனால் லீவர் நடுவில் நிற்கும்போது நுனி சாக்பீஸ் கோட்டுக்கு வரும்படி கிளாம்பை வைத்தார். முழுக்க முன்னால் தள்ளினாலும் முழுக்க இழுத்தாலும் விரல் அளவுதான் வித்தியாசம், கை தேடவே வேண்டாம்.

கிளாம்பை முழுசாக இறுக்குவதற்கு முன்னால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தார், பிரேக் ஒயர் வளைந்து வந்து லீவர் நுனியில் மாட்டுகிறதா என்று. மேலே ஏற்றி மாட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், திருப்பத்தில் ஒயர் மாட்டினால் ஹேண்டில் அப்படியே நின்றுவிடும். அடுத்து ஒரு நூல். ஒயர் லீவர் உருளையின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பி, பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டுக்கு மேலே இருக்கும் வழிகாட்டிப் பள்ளத்துக்கு நேராக இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் நூலைப் பிடித்துப் பார்த்து, கிளாம்பின் திருகு குழாயின் அடிப்பக்கத்தில் நட்டநடுவில் வரும்படி தட்டித் தட்டித் திருப்பினார். நான் நேராக இருக்கிறது என்று நினைத்தபோதும் அவர் ஒரு மயிரிழை திருப்பிக்கொண்டிருந்தார்.

நான் வாங்கிய பழைய சன்டூர் லீவருக்குள் கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. டீசலில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். முதலில் கிளாம்பின் முளையில் உட்காரும் வாஷர், அப்புறம் லீவர், அதன்மேல் தகடுகள், மூடி, கடைசியில் கையாலேயே திருகுகிற வளையத் திருகு. முளையில் தட்டையாகச் சீவிய பக்கம் இருக்கும், வாஷரின் ஓட்டையும் அதே வடிவில் இருக்கும், அதனால் வாஷர் சுற்றாது. அந்த வாஷர் தேய்ந்து வட்டமாகிவிட்டால் லீவர் ஆடும்போதெல்லாம் திருகும் சேர்ந்து தளரும். பழைய ஜோடி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், மேலே இருக்கும் பளபளப்பை இல்லை. உராய்வுத் தகடுகளில் எண்ணெய் படக்கூடாது என்பதில் பாய் கறாராக இருந்தார்.

மாட்டி முடித்ததும் செயினைப் பின்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் விட்டு, லீவரை முழுக்க முன்னால் தள்ளி, ஒயரைக் குறடால் இழுத்து இறுக்கினார். கிளாம்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. லீவரைப் பலமாகப் பத்து தடவை இழுத்துவிட்டு, கோடு நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒவ்வொரு இழுப்பிலும் ஒயர் கிளாம்பைக் கீழே இழுக்கும், சரியாக இறுகாத கிளாம்ப் நாளடைவில் வழுக்கி இறங்கும். சில ஃபிரேம்களில் இதைத் தடுக்கவே குழாயின் அடியில் ஒரு முளை பற்றவைத்திருப்பார்கள், அது இருந்தால் இடத்தைக் கம்பெனியே முடிவுசெய்துவிட்டது என்று அர்த்தம். என் வண்டியில் இல்லை. இத்தனைக்கும் வாங்கியது 300 ரூபாய். பாய்க்கு ஐந்துக்கு ஐந்து.

இப்போது லீவருக்கு வருவோம். டீரெய்லருக்குள் ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் ஒயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண உராய்வு லீவரில் அதைத் தாங்க திருகை நன்றாக இறுக்க வேண்டும், இறுக்கினால் லீவரை இழுக்கும்போது ஸ்பிரிங்கோடும் மல்லுக்கட்ட வேண்டும், உராய்வோடும் மல்லுக்கட்ட வேண்டும். சன்டூர்காரர்கள் உள்ளே பொடிப்பொடியான பற்கள் உள்ள ஒரு ராட்செட்டை வைத்தார்கள். நம் பக்கம் இழுக்கும்போது அது டிரிக் டிரிக் என்று நழுவிக்கொடுக்கும், உராய்வு குறுக்கே வராது. முன்னால் தள்ளும்போது மட்டும் உராய்வு வேலை செய்யும், அங்கே ஸ்பிரிங்கே நமக்கு உதவிக்கு வந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும். எழுந்து நின்று அழுத்திப் பெடல் போட்டாலும் கியர் தானாக நழுவுவதில்லை.

அந்த டிரிக் சத்தத்தைக் கேட்டு ஒரு சத்தத்துக்கு ஒரு கியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்பது ஷிமானோ கம்பெனி 1984-இல் டியூரா ஏஸ் என்ற தன் பந்தய வரிசையில் கொண்டுவந்த ஏற்பாடு, அது வேறு. இங்கே காதும் கையும்தான் அளவு. கொஞ்சம் கூடுதலாக இழுத்து, செயின் ஏறியதும் ஒரு நூல் திரும்ப விட்டால் கரகர சத்தம் நின்றுவிடும். எனக்கு இந்த வண்டியில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான், கியர் விழுந்தது என்பதை வண்டி நம்மிடம் சொல்கிறது.

லீவரை எங்கே வைப்பது என்பது பழைய பிரச்சினை. நாற்பதுகளில் காம்பக்னோலோ என்ற இத்தாலியக் கம்பெனியின் காம்பியோ கோர்சா என்று ஒன்று இருந்தது, அதில் லீவர் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு இறங்குகிற குழாயில். ஓடும்போதே கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியால் பின்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, பெடலைப் பின்பக்கம் சுற்றி, மறு கம்பியால் செயினை நகர்த்தி, திரும்பச் சக்கரத்தை இறுக்க வேண்டும். இத்தாலிய வீரர் ஜீனோ பர்தாலி 1948-இல் டூர் டி ஃபிரான்ஸை இதை வைத்துத்தான் வென்றார். ஒயரில் இயங்கும் டீரெய்லர்கள் அதை ஓரங்கட்டிய பிறகு டவுன் ட்யூப்தான் பந்தய வண்டிகளின் நிரந்தர இடமானது. 1990-இல் ஷிமானோ பிரேக் லீவருக்குள்ளேயே கியரைக் கொண்டுவரும் வரை அங்கேயே இருந்தது. ஒயர் அங்கிருந்து போகும் தூரம் குறைவு, அதில் பெரும்பகுதி வெறும் ஒயர், வளைவே இல்லை, அதனால் இழுத்த இழுப்பு வீணாகாமல் போய்ச் சேரும். அத்தனை வருஷம் அது நிலைத்ததற்கு இது போதும்.

சென்னைக்கு இன்னொரு காரணம் சேர்கிறது, உப்புக்காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பி முதல் கேட் தாழ்ப்பாள் வரை எல்லாம் துரு. டவுன் ட்யூபில் லீவர் இருந்தால் ஒயருக்கு அவுட்டர், அதாவது மேலுறை, வேண்டிய இடம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வளைவுதான், மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஒயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் வீட்டில் ஒரு துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது. பாய் சொன்னதுதான்: "வெளிய இருந்தா தொடச்சுக்கலாம் தம்பி, அவுட்டருக்குள்ள தண்ணி போனா யாரு தொடைப்பா?"

இதைச் சொல்லக் காரணம் ஸ்டெம் லீவர். ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்தில் மாட்டுகிற வகை, பார்வைக்கு வசதியாக இருக்கும், கையையும் அதிகம் நகர்த்த வேண்டாம். பாயிடம் போவதற்கு முன்னால், ஆன்லைனில் பெயர் தெரியாத ஒரு ஜோடி வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முதல் மழைக்காலத்திலேயே கியர் கனத்துவிட்டது. கழுத்திலிருந்து கீழே வர ஒவ்வொரு பக்கமும் ஒரு நீள அவுட்டர், ஹேண்டில் திரும்ப வேண்டும் என்பதற்காக அதில் வளைவு வேறு. அந்த வளைவில் தண்ணீர் தேங்கி, உள்ளே ஒயர் செம்பழுப்பாகிவிட்டது. கிளாம்பும் பிளாஸ்டிக், ஒரு ஓரம் விரிசல் விட்டது. திருப்பி அனுப்பக் கேட்டால் பதிலே இல்லை. எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் வேறொன்று. பள்ளத்தில் விழுந்து உடல் முன்னால் பாய்ந்தால் நேராகப் போய் மோதுவது அந்த இரண்டு லீவரில்தான், அதுவும் அடிவயிற்றுக்குக் கீழே. நம் ஊர் ரோட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

டவுன் ட்யூப் என்றால் கையை எடுக்க வேண்டுமே, சென்னை டிராஃபிக்கில் அது சரிப்படுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இது ஊட்டி இல்லை. மட்டமான ஊர். கியர் மாற்ற வேண்டிய இடங்கள் முன்கூட்டியே தெரியும்: அடையாறு திரு.வி.க. பாலத்தின் ஏற்றம், ஜெமினி மேம்பாலம், ஈ.சி.ஆரில் மதியத்துக்கு மேல் எதிர்த்து அடிக்கிற கடல்காற்று, அப்புறம் சிக்னல்கள். சிக்னலில் நிற்பதற்கு முன்னால், பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும், நின்ற பிறகு லீவரை இழுத்துப் பயனில்லை, செயின் ஓடினால்தான் பல் மாறும். வலது லீவர்தான் பின் கியர், அடிக்கடி தொடுவது அதைத்தான். நம் ஊர் வண்டிகளில் முன் பிரேக்கும் வலது கையில்தான், ஆக வலது கை கீழே போன நொடியில் நம்மிடம் இருப்பது பின் பிரேக் மட்டும். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும்போது கியர் மாற்றாதீர்கள், அது எந்த நொடியில் ஓரம் கட்டும் என்று யாருக்கும் தெரியாது. இடைவெளி விட்டு மாற்றுங்கள். லீவர் மேலே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் ஒரே கையால் இரண்டு லீவரையும் தொட்டுவிடலாம், கட்டைவிரல் ஒன்றில், மற்ற விரல்கள் குழாயைத் தாண்டி மற்றதில். கீழே மாட்டியிருந்தபோது இது நடக்கவே நடக்காது.

ஹேண்டில்பாரின் நுனியில் செருகுகிற பார் எண்ட் லீவரும் சன்டூரில் உண்டு, அதிலும் இதே ராட்செட்தான். நண்பர் ஒருவர் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், கை ஹேண்டிலை விட்டு எடுக்கவே வேண்டாம், சுகமாக இருக்கிறது. நெடுந்தூரம் மகாபலிபுரம், பாண்டிச்சேரி என்று போகிறவர்கள் அதை வாங்கலாம். நான் தினமும் திருமயிலை ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டி விடுகிறவன், அங்கே பத்து வண்டியை ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளுவார்கள், நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் லீவர் ஒரு மாசம் தாங்காது. ஹேண்டிலில் சுற்றிய டேப்புக்கு அடியில் ஓடும் நீள அவுட்டரும் அதில் உண்டு.

கிளாம்ப் அளவைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் பணம் விரயமாகிறவர்கள் நிறைய. ராலே மாதிரி இங்கிலாந்து வண்டிகளிலும் பெரும்பாலான ஜப்பான் வண்டிகளிலும் டவுன் ட்யூப் 28.6 மில்லிமீட்டர். பழைய பெஷோ மாதிரி பிரெஞ்சு வண்டிகளில் 28. வித்தியாசம் நகக்கண் அளவுகூட இல்லை, ஆனால் 28.6 கிளாம்பை 28 குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இடையில் பழைய ட்யூப் ரப்பரை வைக்கச் சொல்லுவார்கள், வேண்டாம், ரப்பர் நசுங்கிக் கொடுத்து லீவர் ஆடும். மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு சுற்று சுற்றி அதன்மேல் இறுக்குங்கள். புதுப்பேட்டையில் தகடு கிடைக்கும்.

நிமிர்ந்து உட்காரும் நேர் ஹேண்டில் போட்டிருப்பவர்கள் மட்டும் டவுன் ட்யூபை விட்டுவிடலாம். உடம்பு நிமிர நிமிரக் குழாய் தூரமாகிறது, எவ்வளவு மேலே மாட்டினாலும் குனியத்தான் வேண்டும். அவர்களுக்கு 22.2 மில்லிமீட்டர் ஹேண்டிலில் மாட்டுகிற கட்டைவிரல் லீவர்தான் சரி, அவுட்டரை வருஷத்துக்கு ஒரு முறை, மழை முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

எனக்கு இந்த ஜோடி கிளாம்போடு சேர்த்து 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது, பழைய பொருள் என்பதால் விலை ஆளைப் பொறுத்து மாறும். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் லீவரைக் கழற்றி உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாஷரையும் தனித்தனியாக வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தட்டை ஓட்டையுள்ள வாஷர் இரண்டு பக்கத்துக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒயர் புதிதாக எவர்சில்வரில் வாங்கிக்கொள்ளுங்கள், பிரேக் ஒயரைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தடிமன், அதன் முனையில் இருக்கும் குண்டு இந்த லீவரின் குழியில் உட்காராது.